கண்ணாடி வேண்டாம் என்ற தனலெட்சுமி

செய்தி எனக்கு இரண்டு நாள் பிந்தித்தான் வந்தது. தம்போயில் உள்ள என் பிரேம் கடையில், மத்தியான நேரம், மேசை மேல் கண்ணாடியைப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். மகளின் பட்டமளிப்புப் படத்தை எடுத்துப்போக உலு திராமிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இந்த ஒன்றை முடித்துவிட்டுத் தருகிறேன் என்று அவரை நிற்க வைத்திருந்தேன். எங்கள் முஸ்லிம் பேச்சில் நானா என்றால் அண்ணன்; ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடும். சும்மா நிற்க முடியாமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் சாதாரணமாகச் சொன்னார்:

"நானா, ஒங்ககிட்ட பிரேம் போட வருவாங்களே, மரத்துல முகம் வெட்டுற தனம் அக்கா, அவங்க தவறிட்டாங்க, தெரியும்தானே? நேத்து எடுத்தாச்சு."

தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது. கட்டர் கோட்டை விட்டு விலகி ஓடி, கண்ணாடி கோணலாகப் பிளந்தது. "யா அல்லா" என்றேன். பிறகு கோபம் வந்தது. கோபப்பட்டால் அழாமல் தப்பித்துவிடலாம் என்பதால் நான் எப்போதும் முதலில் கோபப்படுகிற ஆள். "ஒரு போன் பண்ணக்கூடவா ஆள் இல்ல? பதினோரு வருஷப் பழக்கம்!" என்று அந்த மனிதரைப் பிடித்துக் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

யாரும் சொல்லாததற்குக் காரணம் எளியது. தனத்தின் கணவர் குணசேகரனிடம் என் நம்பர் இல்லை. எங்கள் பேச்செல்லாம் தனத்தின் போன் வழியாகவே நடந்தது. அந்தப் போன் அவருடைய நோயோடு சேர்ந்து அடங்கிவிட்டது. உடலை எடுத்த அன்று நான் போக முடியவில்லை. அந்தக் குறையை எழுதியாவது ஆற்றிக்கொள்ளலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேர் வீட்டுச் சுவரில் தனலெட்சுமி வெட்டிய முகம் ஒன்று தொங்குகிறது. உங்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியாது.

முதல் நாளே சண்டைதான். ஒரு சனிக்கிழமை, பச்சைத் துவாலையில் எதையோ சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு ஓர் அம்மாள் கடைக்குள் வந்தார். எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் இன்னும் கழற்றாத அடையாள அட்டை. துவாலையைப் பிரித்தால் உள்ளே மெல்லிய பலகை, அதில் தாறுமாறாக ஓட்டைகள். கறையான் தின்ற பலகையை எதற்கு என்னிடம் கொண்டுவருகிறார் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க நானா," என்றார்.

பலகைக்குப் பின்னால் கறுப்பு அட்டையை வைத்துப் பிடித்தார். இரண்டடி பின்னால் போனேன். ஓட்டைகள் ஒன்றுகூடி ஒரு கிழவரின் முகமாகிவிட்டன. வெற்றிலை அடக்கிய கன்னம், சிரிப்பில் சுருங்கிய கண், காதோரம் நரைமுடி எல்லாம் இருந்தன. கறுப்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். எனக்கு மேல் சிலிர்த்துப் போயிற்று.

செய்யும் விதத்தை அவரே சொன்னார். ஸ்க்ரோல் சா என்று ஒரு சின்ன மேசை இயந்திரம். தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்குகிற மாதிரி அதில் நூல் போன்ற வாள் ஏறி இறங்கும். முகத்தின் படத்தைப் பலகை மேல் ஒட்டி, வெட்ட வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் துளை போட்டு, வாளைக் கழற்றி அந்தத் துளைக்குள் விட்டு மறுபடி மாட்டி, பலகையைத் திருப்பித் திருப்பி வெட்ட வேண்டும். ஒரு முகத்துக்கு நூறு துளையானால், நூறு முறை கழற்றி மாட்ட வேண்டும். பக்கத்து மரச்சாமான் பட்டறையில் யாரும் தொடாமல் கிடந்த இயந்திரத்தை இவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுவந்து, யூடியூப் பார்த்துப் பழகியிருக்கிறார். "பேக்டரியில நாள் பூரா கண்ணுக்குத் தெரியாத சாமானத்தத்தான் ஒட்டுறோம். இதாவது ஒரு முகம்," என்றார்.

நான் வழக்கம்போல அளவெடுத்துக் கண்ணாடியை இழுத்தேன். அவ்வளவுதான்.

"கண்ணாடியா? எதுக்கு? இது என்ன மீனா, தொட்டியில போட?"

"ஏம்மா, பிரேம்னா கண்ணாடி இல்லாமலா? தூசி, பல்லி, சாம்பிராணிப் புகை, எல்லாம் அந்த ஓட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும்."

"உக்காந்துக்கட்டும், தட்டி விட்டுக்குறேன். கண்ணாடி போட்டா என்ன தெரியும் சொல்லுங்க? டியூப்லைட் தெரியும், பாக்கறவன் மூஞ்சி தெரியும். எங்கப்பா எங்க தெரிவாரு? இந்த வெட்டுக்குள்ள நிழல் விழுது பாருங்க, அதான் உசுரு. அதப் போய் மூடுவாங்களா, அலமாக், அட கடவுளே!"

அன்று அவர்தான் ஜெயித்தார். கிழவர் கண்ணாடி இல்லாமலே வீட்டுக்குப் போனார். நான் விட்டேனா? அடுத்த வாரம் அவர் இன்னும் இரண்டு முகங்களோடு வந்தபோது, கண்ணாடியோடு ஒன்று, கண்ணாடி இல்லாமல் ஒன்று என்று இரண்டு மாதிரி செய்து வாசலில் மாட்டி, போகிறவர் வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி ஓட்டு கேட்டேன். பக்கத்துக் கடைச் சீனர் கண்ணாடிக்குப் போட்டார். தே தாரிக் டீ கொண்டுவந்தவர் வேண்டாம் என்றார். தனம் இடுப்பில் கைவைத்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தபால் கொடுக்க வந்த மலாய்க்காரர் இரண்டுமே அழகு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

சில மாதங்களில் ஊர் முழுக்க இவர் பேர் பரவிவிட்டது. பணி ஓய்வு பெறும் தலைமையாசிரியர், கல்யாணத் தம்பதி, ஒருமுறை ஒருவரின் செத்துப்போன நாய். அந்த நாயை வெட்டும்போது மூன்று பிளேடு உடைந்ததாம். "உயிரோட இருந்தப்பவும் அது சொன்ன பேச்சு கேக்காதாம், நானா," என்று வந்து சொன்னார்.

கெலாங் பாத்தாவிலிருந்து வந்த ஓர் அம்மாளின் விஷயத்தில் என் கை ஓங்கியது. கணவர் இறந்த பிறகு அவர் முகத்தைத் தனத்திடம் வெட்டி வாங்கியவர் அவர். கண்ணாடி இல்லாமல்தான் கொடுத்திருந்தோம். ஒரு வருடம் கழித்துப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கடைக்கு வந்து அழுதார். வெள்ளிக்கிழமைதோறும் கணவர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். கண்ணாடி என்றால் மறுவாரம் துடைத்துவிடலாம். மரம் குடித்துவிட்டது. நெற்றி முழுவதும் சிவப்புக் கறை இறங்கி, அந்த மனிதர் அடிபட்டு நிற்கிற மாதிரி இருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? தனத்துக்குப் போன் போட்டு, "வந்து பாருங்கம்மா உங்க நிழலையும் உசுரையும்" என்றேன். சீருடையோடு ஓடி வந்தார். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்து, இரண்டு தேய்ப்பிலேயே நிறுத்திவிட்டார். பலகையின் மேல் ஏடு மெல்லியது, இன்னும் தேய்த்தால் நெற்றியே போய்விடும். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் தப்புதாம்மா. பொட்டு வைப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. எங்க வீட்லயும் வைக்கிறோம், தோணலியே" என்று பல முறை சொன்னார். இரண்டே வாரத்தில் புதிதாக வெட்டிக்கொண்டு வந்தார். இந்த முறை கண்ணாடி போட்டேன். அந்த அம்மாளுக்குத் திருப்தி.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாமி அறையில் மாட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி உண்டு. கூடத்தில் மாட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி இல்லை. அந்த அம்மாள் போன பிறகு தனம் மட்டும் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆனா ஒண்ணு நானா. இத்தன நாளா வெள்ளிக்கு வெள்ளி அவங்க விரல் புருஷன் நெத்தியில பட்டுச்சு. இனிமே படாது."

"பட்டா என்ன, படலன்னா என்ன? மரம்தானேம்மா," என்றேன் நான்.

எனக்கும் ஒரு அடி விழாமல் இல்லை. கல்யாணத் தம்பதி ஒன்றுக்கு, கண்ணாடியைப் பலகையோடு ஒட்டவே வைத்து அழுத்தி மூடிக் கொடுத்திருந்தேன். நம் ஊர் மழையும் புழுக்கமும் தெரியுமே. காற்றுப் போக வழியில்லாமல் ஆறே மாதத்தில் உள்ளே வெள்ளைப் பூசணம் பூத்துவிட்டது. அதுவும் சரியாக மாப்பிள்ளையின் மோவாயில். தனம் அதைப் பார்த்துவிட்டுக் கடை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "மாப்பிள்ளைக்குத் தாடி மொளச்சிருச்சு நானா! பொண்ணு வீட்ல சொல்லலியா?" அதன் பிறகுதான் கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய கட்டை கொடுத்து இடைவெளி விடக் கற்றுக்கொண்டேன்.

இப்படியே சண்டையும் சிரிப்புமாகப் போயிருக்கலாம்.

தனத்துக்கு ஒரே மகன், ரூபன். சிங்கப்பூரில் வேலை. இங்கிருந்து எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிற மாதிரி அவனும் போய்க்கொண்டிருந்தான். மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை, பாலத்துக்கு வருவதற்கு முன்னாலேயே வண்டி சறுக்கிவிட்டது. இருபத்து நான்கு வயது. அதற்கு மேல் அதை எழுத எனக்கு மனமில்லை. உங்களுக்கே தெரியும்.

ஏழு மாதம் தனம் அந்த இயந்திரத்தைத் தொடவில்லை. தொழிற்சாலைக்கு மட்டும் போய் வந்தார். எட்டாவது மாதம் அதே பச்சைத் துவாலையோடு கடைக்கு வந்தார். துவாலையை அவர் பிரிக்கவில்லை, என்னைப் பிரிக்கச் சொன்னார்.

ரூபன் சிரித்துக்கொண்டிருந்தான். மெல்லிய மீசை, ஒரு பக்கம் மட்டும் குழி விழுகிற கன்னம். அந்த மீசையை அவர் எப்படி வெட்டினாரோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. நூலிழை போன்ற மரக்கீற்றுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. அவர் வெட்டியதிலேயே அதுதான் சிறந்தது. அவரிடம் அப்படிச் சொல்லலாமா என்று தெரியாமல் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

"கண்ணாடி வேணாம் நானா," என்றார். சண்டைக்கு வருகிற குரல் இல்லை. "இவனுக்கு மட்டும் வேணாம்."

"சரிம்மா," என்றேன். நானே பிரேம் அடித்துக் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தப் படம் திரும்பி வந்தது. மீசையில் ஒரு கீற்று ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. "கை கொஞ்சம் அழுத்தமா பட்டுடுச்சு நானா. ஒட்டிக் குடுங்க," என்று வைத்துவிட்டு வேலைக்கு ஓடிவிட்டார். விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். குழி விழுந்த கன்னம் மட்டும் மற்ற இடத்தைவிடக் கறுத்து, பளபளத்து, வழவழவென்று இருந்தது. தினமும் தொட்டிருக்கிறார். எண்ணெயும் வேர்வையும் ஏறி மரம் நிறம் மாறியிருந்தது.

அந்த நேரத்தில் நான் நினைத்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இப்படியே விட்டால் இன்னும் ஒரு வருடத்தில் இந்தப் பையனின் முகம் உடைந்து போகும், தனம் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். நல்லெண்ணம்தான். கீற்றை ஊசிமுனையில் பசை தொட்டு ஒட்டினேன். பிறகு உள்ளே மெல்லிய கட்டை கொடுத்து, என்னிடம் இருந்ததிலேயே தெளிவான கண்ணாடியை எடுத்து, மேலே போட்டு மூடினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், அதனால்தான் கேட்கவில்லை.

எடுத்துப்போக வந்தார். பார்த்தார். ஏதாவது சொல்லுவார், கத்துவார், மீன் தொட்டி என்பார் என்று தயாராக நின்றேன். என் நியாயத்தையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர் கண்ணாடியை ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு நானா," என்றார். துவாலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு தனம் என்னோடு கண்ணாடிக்காக ஒருநாளும் சண்டை போடவில்லை. முகம் கொண்டுவருவார், மேசையில் வைப்பார், "கண்ணாடி போட்டுடுங்க நானா" என்பார். சாமி அறைக்கா கூடத்துக்கா என்று கேட்கமாட்டார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒன்பது வருடச் சண்டையில் கடைசியில் நானே ஜெயித்தேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன், வெட்கமில்லாமல்: "இப்பவாவது புரிஞ்சுதாம்மா, நான் ஏன் அப்படி அடிச்சுக்கிட்டேன்னு?"

"புரிஞ்சுது நானா," என்றார். சிரிக்கவும் செய்தார்.

சில மாதங்கள் முன்னால் முகங்கள் வருவது நின்றது. போன் போட்டேன். "வயித்துல கொஞ்சம் கோளாறு, ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துட்டிருக்கேன். சரியாயிரும் லா. நாலு ஆர்டர் இருக்கு, கண்ணாடி வெட்டி வைங்க," என்றார். வெட்டி வைத்தேன். நான்கு கண்ணாடியும் இன்னும் சுவரோரம் சாய்ந்து கிடக்கின்றன.

செய்தி கேட்ட மறுநாள் கடையைச் சாத்திவிட்டு உலு திராமுக்குப் போனேன். தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் சாவுக்குப் போட்ட பந்தல் இன்னும் பிரிக்கப்படவில்லை. கார் நிறுத்துமிடத்தில் அந்த இயந்திரம், மேலே போர்வை. குணசேகரன் கதவைத் திறந்தார். நான் யாரென்று சொல்ல வாயெடுத்தேன். "கண்ணாடி நானாதானே? வாங்க," என்றார். தனம் வீட்டில் எனக்கு அந்தப் பெயர் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

கூடத்தில் தனத்தின் படம் மாலையோடு இருந்தது. பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி யாரோ அவசரமாகப் பிரேம் போட்டிருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊரில் அத்தனை பேரின் முகத்தை வெட்டியவருடைய முகத்தை மரத்தில் வெட்டி வைக்க ஆளில்லை. நான் நின்று எனக்குத் தெரிந்த துஆவை மனத்துக்குள் ஓதினேன். பக்கத்தில், வெளிக்கதவுக்குப் போகிற வழியில், கை எட்டுகிற உயரத்தில் ரூபன் தொங்கிக்கொண்டிருந்தான். நான் போட்ட கண்ணாடியோடு.

"நல்லா இருக்கு, பூசணம் ஒண்ணும் புடிக்கல," என்றேன். தொழிலைப் பேசினேன்.

குணசேகரன் என் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு சொன்னார். குறை சொல்லுகிற மாதிரி இல்லை, யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, நான் வந்து நின்றேன், அவ்வளவுதான்.

"வேலைக்குப் போறப்ப தெனமும் இவன் கன்னத்தத் தொட்டுட்டுத்தான் போவா நானா. அவன் இருந்தப்பவும் அப்படித்தான், தூங்கிட்டிருப்பான், கன்னத்தத் தட்டிட்டுப் போவா. ஒங்ககிட்ட இருந்து திரும்பி வந்ததுக்கப்புறம் கண்ணாடியத்தான் தொட்டா. மொத நாள் தொட்டுட்டு அப்படியே நின்னுட்டா. 'கையெல்லாம் ஜில்லுன்னு இருக்குங்க'ன்னா."

படத்தின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"ஏன் எடுக்கல? பின்னாடி நாலு தகடுதானே, நிமித்துனா வந்துரும். தனத்துக்குத் தெரியாததா?"

"நானும் சொன்னேன். நானே எடுத்துத் தர்றேன்னேன். 'வேணாங்க, அவர் பாத்துப் பாத்துப் போட்டிருக்காரு, என் மேல அக்கறைல செஞ்சது. ஒருநாள் வீட்டுக்கு வந்து பாத்தா மனசு நொந்துடுவாரு'ன்னா." அவர் என்னைப் பார்த்தார். "நீங்கதான் நானா வரவே இல்ல."

பதினோரு வருடத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனது அதுதான் முதல் முறை. தம்போயிலிருந்து உலு திராம் என்ன சீமையிலா இருக்கிறது? ரூபன் போனபோதுகூட நான் கோவில் மண்டபத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டுத் திரும்பியவன். எப்போதும் தனம்தான் வருவார். வருகிறவர் வந்துகொண்டே இருப்பார் என்று நினைத்துவிட்டேன். நான் ஒருநாள் வந்து பார்ப்பேன் என்பதற்காக ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தைத் தொடாமல் இரண்டு வருடம் இருந்திருக்கிறாள். அழுதேன். கோபப்பட்டுத் தப்பிக்க அங்கே யாரும் இல்லை, என்னைத் தவிர.

"எடுத்துடட்டுமா?" என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

குணசேகரன் தலையசைத்தார். படத்தை இறக்கி மேசையில் கவிழ்த்தேன். நாலு தகட்டையும் கட்டை விரலால் நிமிர்த்தினேன். என் கையால் அடித்ததுதான். பின்னட்டையை எடுத்து, பலகையை எடுத்து, இடையில் கொடுத்த கட்டைகளை எடுத்து, கண்ணாடியைத் தனியாக வெளியே எடுத்தேன். கண்ணாடி இல்லாமல் பலகையை மறுபடி பிரேமில் வைத்து இறுக்கி அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நான் தொட்டதே இல்ல நானா. அதெல்லாம் அவ வேல," என்றார். பிறகு வாங்கினார். முதலில் ஒரு விரல். அப்புறம் உள்ளங்கையை முழுசாக அந்தக் கன்னத்தின் மேல் வைத்தார். பெரிய கை, லாரி ஓட்டுகிற கை. அதை எடுக்காமல் அப்படியே நின்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என் கையில் இருந்த கண்ணாடியைக் காட்டினார். "நல்ல கண்ணாடிதானே நானா, கீறல்கூட இல்ல. தொடச்சு வேற யாருக்காச்சும் போட்டுக்குங்க."

பழக்கதோஷம், தோளில் கிடந்த துணிக்குக் கை போனது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தேன், எங்கெங்கே அழுக்கு என்று பார்க்க. மற்ற இடமெல்லாம் சுத்தம். ஓர் இடத்தில் மட்டும், கன்னம் இருந்த இடத்துக்கு நேராக, மங்கலாக ஒரு திட்டு. ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்த விரல் தடங்கள். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று வைத்ததாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் கண்ணாடி துடைத்திருக்கப் போகிறார்கள்.

ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை கேட்காமல் செய்தது போதும். அவரைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் காட்டினேன். அவர் கண்ணாடியின் அருகே முகத்தைக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நீங்களே வச்சுக்குங்க நானா," என்றார் கடைசியில். "எனக்கு இத வச்சுப் பாத்துட்டிருக்க முடியாது. அவ வெளிய நின்னு தொடுற மாதிரியே இருக்கு."

அந்தக் கண்ணாடியைத் தனத்தின் பச்சைத் துவாலையில் சுற்றிக் கொடுத்தார். மடியில் வைத்துக்கொண்டு தம்போய் வந்து சேர்ந்தேன். கல்லாவுக்குப் பின்னால், வெயில் படாத இடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் எட்டிப் பார்த்து, "நானா, அந்தக் கண்ணாடியில என்னமோ ஒட்டியிருக்கு" என்று கைக்குட்டையோடு கையை நீட்டினார். நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்துபோனார். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

தனலெட்சுமியிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குலத்தில் வெறும் கண்ணாடி. உள்ளே படம் கிடையாது. நாற்பது வருடமாகக் கண்ணாடி துடைத்தே பிழைத்தவன் நான். இதை மட்டும் என்னால் துடைக்க முடியவில்லை.